காற்றுக்கு ஒரு வழி

படித்தவர்களுக்கு ஒரு தைரியம் உண்டு. ஒரு விஷயத்தைப் பத்து வருஷம் பிறருக்குப் பாடம் சொல்லிவிட்டால், அது தங்கள் வீட்டு வாசற்படி ஏறி வந்து தொந்தரவு செய்யாது என்று நினைத்துக்கொள்வார்கள். நான் இருபது வருஷமாகப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் கற்பிக்கிறவள். ஆகவே என் தைரியம் இரண்டு மடங்காக இருந்தது. அது எப்படிப் போயிற்று, போன இடத்தில் எது வந்து சேர்ந்தது என்பதைத்தான் நேயர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன் மாணவிகளை உல்லாசப் பயணமாகப் புதுச்சேரிக்கு அழைத்துப் போயிருந்தோம். அங்குள்ள அருங்காட்சியகத்தில், அரிக்கமேட்டில் கிடைத்த கண்ணாடி மணிகளைப் பார்த்தேன். 1945-ஆம் வருஷம் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து பார்த்த இடம் அது. கடுகை விடச் சற்றுப் பெரிய மணிகள். நீலம், பச்சை, செம்மண் நிறம். சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் நம் கடற்கரையில் உட்கார்ந்து ஒருவர் செய்த வேலை! மாணவிகள் ஐஸ்கிரீம் கடைக்குப் போகலாம் என்று முந்தானையைப் பிடித்து இழுக்கிற வரையில் நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் நானும் மணி செய்வது என்று தீர்மானித்தேன். அரிக்கமேட்டார் உருகிய கண்ணாடியைக் குழலாக இழுத்து நறுக்கினார்கள். அதற்குப் பெரிய உலை வேண்டும். நான் எடுத்துக்கொண்டது வேறு முறை. வர்ணக் கண்ணாடிக் கம்பியின் நுனியைத் தீச்சுடரில் காட்டினால் அது தேன்போல் இளகும். களிமண் குழம்பு பூசிய எஃகுக் கம்பியில் அதைச் சுற்றிச் சுற்றி உருட்டினால் மணியாகும். பிறகு அதைச் சிறு மின்சாரச் சூளையில் ஏறக்குறைய 500 டிகிரி செல்சியஸில் வைத்து, மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும், அவசரப்பட்டால் வெடித்துவிடும். முற்காலத்தில் எண்ணெய் விளக்கின் சுடரை ஊதிப் பெருக்கி இவ்வேலையைச் செய்தார்களாதலால், விளக்கு வேலை என்றே இதற்கு மேல்நாட்டில் பெயர். இத்தாலியின் முரானோ தீவிலும் நம் காசியிலும் இன்றும் இதைச் செய்து பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் விளக்குக்குப் பதிலாக இப்போது காஸும் பிராணவாயுவும் கலந்து எரியும் பர்னர்.

எங்கள் வீடு பழைய காலத்து ஓட்டு வீடு. கொல்லையை ஒட்டிய பழைய அடுப்பங்கரை எனக்குப் பட்டறையாயிற்று. என் மாமியார் 1970-ஆம் வருஷம் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது முதல், 1996-இல் காஸ் அடுப்பு வந்து புதுச் சமையலறை கட்டியது வரையில், அந்த அறையில்தான் விறகடுப்பில் சமைத்தார். அப்புறம் அது கால் ஒடிந்த நாற்காலிகளின் ஆஸ்பத்திரியாக இருந்தது. மழை ஒழுகுகிறது என்று புகைக்கூண்டின் மேல் ஓடு வைத்து மூடிவிட்டார்கள். நீளம் பத்தடி, அகலம் எட்டடி, உயரம் பத்தடி. எனக்கு அந்த அறை ராஜ்யமாகத் தோன்றியது.

பட்டறையில் பட்டம் கட்டிக்கொண்ட கையோடு நான் மூன்று தப்புகளைச் செய்தேன். மூன்றும் அறிவோடு செய்தவை.

முதலாவது, கூரை விசிறியைச் சுழலவிட்டேன். ‘காற்றோட்டம் இருக்கிறதே!’ என்று சமாதானம். விசிறி காற்றைச் சுழற்றுமே தவிர வெளியேற்றாது என்பது ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குத் தெரியும். அதிலும் சுடர் ஆடிற்று. உடனே விசிறியை நிறுத்தினேன். ஜன்னல் வழியே வந்த காற்றிலும் சுடர் ஆடியதால் ஜன்னலையும் கதவையும் சாத்தினேன். இது இரண்டாவது தப்பு. மூன்றாவதாக, காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் விசிறி ஒன்று வாங்கினேன். அதைப் பொருத்த வந்த மின்சாரப் பணியாளர், “இங்கே ஏற்கெனவே ஓட்டை இருக்கிறது, அம்மா, சுவரை இடிக்க வேண்டாம்” என்று சொல்லி, நான் உட்காரும் இடத்துக்குப் பின்புறம் உயரத்தில் மாட்டிவிட்டுப் போனார். சுவரை இடிக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம் குடும்பங்களில் மறுபேச்சு உண்டோ? சுடர் எனக்கு முன்னால், விசிறி எனக்குப் பின்னால். சுடரிலிருந்து கிளம்புவது விசிறியைச் சேர வேண்டுமானால் என் முகத்தைத் தடவிக்கொண்டுதான் போகவேண்டும். இது எனக்குத் தோன்றவே இல்லை.

சென்ற வருஷம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியே அடைமழை. மத்தியானம் உட்கார்ந்தவள் மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை பக்கத்து முக்காலியில் அமர்ந்து, ஆறிய மணிகளை எண்ணிக்கொண்டிருந்தான். அன்று இரவு அவனுக்குத் தலைவலி. சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுத்தான். எனக்கு மார்பில் கயிறு கட்டி இழுத்ததுபோல் ஓர் இறுக்கமும் வறட்டு இருமலும். “மழைக் குளிர், சாயங்காலம் தின்ற பஜ்ஜி” என்று இரண்டு குற்றவாளிகளைப் பிடித்துத் தண்டனையும் விதித்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை பதினோராம் வகுப்பில் நைட்ரஜன் ஆக்ஸைடுகளைப் பற்றிப் பாடம். செம்பின் மேல் நைட்ரிக் அமிலம் பட்டால் செம்பழுப்பு நிறத்தில் நைட்ரஜன் டையாக்ஸைடு கிளம்பும். அந்தப் பரிசோதனையை ஆவிக்கூண்டுக்கு வெளியே செய்ய நான் ஒருபோதும் அனுமதித்ததில்லை. “இந்த வாயுவின் துர்க்குணம் என்ன தெரியுமா? சுவாசிக்கும்போது தொண்டையை அதிகம் உறுத்தாது. நுரையீரலின் அடி வரை போய்விடும். உபத்திரவம் பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும்” என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில் இருமினேன். முன் வரிசையில் ஒரு பெண் எழுந்து, “டீச்சர், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?” என்றாள். கையில் சாக்குக்கட்டியோடு அப்படியே நின்றேன். என் கேள்விக்கு என் இருமலே விடை சொல்லிவிட்டது.

விஷயம் இதுதான். காஸும் பிராணவாயுவும் சேர்ந்து எரியும் சுடரின் உஷ்ணம் 2500 டிகிரிக்கும் மேலே போகும. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவிகிதம் நைட்ரஜன். சாதாரணமாக அது பரம சாது, எதனோடும் சேராது. ஆனால் அத்தனை சூட்டில் சுடரின் ஓரத்தைத் தொடும்போது அதுவும் பிராணவாயுவோடு கூடி நைட்ரஜன் ஆக்ஸைடுகளாகிவிடுகிறது. எவ்வளவு சுத்தமான காஸாக இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. கண்ணுக்குத் தெரியும் பழுப்பு நிறம் வருவதற்கு வெகு முன்பே கெடுதல் வந்துவிடும். அமெரிக்கத் தொழிற்சுகாதார நிபுணர்களின் சங்கம் 2012-ஆம் வருஷம் வகுத்த வரம்பின்படி, எட்டு மணி நேர வேலையில் சராசரியாகக் காற்றின் 10 லட்சம் பங்கில் 0.2 பங்குக்கு மேல் இந்த வாயு இருக்கலாகாது. இதனோடு கார்பன் மோனாக்ஸைடும் சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கும் அதிகமான பிரியத்தோடு பற்றிக்கொள்ளும். சில சிவப்பு, மஞ்சள் கண்ணாடிகளில் காட்மியம் உண்டு. சிலவற்றில் ஈயம் உண்டு. சுடரில் அதிகமாகக் காய்ச்சினால் அவற்றின் ஆவியும் கிளம்பும். இத்தனையையும் கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுவாசித்திருக்கிறேன்!

அன்று மாலை டாக்டரிடம் போனோம். மாமியாரும் தம் பழைய இருமலுக்கு மருந்து வாங்க உடன் வந்தார். டாக்டர் என்னைப் பரிசோதித்துவிட்டு, “என்ன வேலை செய்கிறீர்கள்?” என்று கேட்டார். ஆசிரியை என்றேன். “வீட்டில்?” என்றார். சொன்னேன். நல்லவேளை, எனக்கும் பிள்ளைக்கும் பெரிய தீங்கு நேரவில்லை. ஒரு வாரத்தில் சரியாயிற்று.

அந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு. பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற இத்தாலிய வைத்தியர் 1700-ஆம் வருஷம் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கண்ணாடித் தொழிலாளர்களுக்கும் அதில் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். நோயாளியிடம் வைத்தியர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, ‘உன் தொழில் என்ன?’ என்பதையும் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர்.

என் முறை முடிந்து மாமியாரின் சீட்டை டாக்டர் எடுத்தபோது என் கண் அதில் விழுந்தது. பல வருஷங்களுக்கு முன் யாரோ நிரப்பிய சீட்டு. தொழில் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பட்டறையைப் பூட்டிச் சாவியை அலமாரியில் போட்டேன். மாமியார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏனம்மா பூட்டிவிட்டாய்?”

“விஷப்புகை, அத்தை. எக்ஸாஸ்ட் விசிறி போட்டும் போகவில்லை.”

“கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாயே, எப்படிப் போகும்? வருகிறது வந்தால்தானே போகிறது போகும்! இந்த அடுப்பங்கரையில் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தால் புகை நேராகக் கூண்டில் ஏறும். சாத்தினால் மூஞ்சியில் அடிக்கும்.”

“அப்படியானால் திறந்து வைத்துக்கொண்டே சமைத்திருக்கிறீர்களா?”

“எப்படித் திறப்பது? மழைக் காலத்தில் சாரல் அடித்து விறகு நனைந்து போகும். ஆடியில் காற்று அடுப்பை அணைக்கும். சாத்திக்கொண்டுதான் சமைத்தேன். சொன்னால் யார் இன்னொரு ஜன்னல் வைத்துக் கொடுக்கப் போகிறார்கள்?” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, இருமிக்கொண்டே எழுந்து போனார்.

எம்.எஸ்ஸி. படித்த எனக்குத் தோன்றாத உண்மை அது. அறைக்குள் எவ்வளவு காற்று வருகிறதோ அவ்வளவுதான் வெளியே போக முடியும். வழியை அடைத்துவிட்டால் விசிறி சுழலும், காற்று நகராது. நம் முன்னோர்கள் ஜன்னலுக்குக் காலதர் என்று பெயர் வைத்தார்கள். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. வெறும் ஓட்டை அல்ல, வழி! வழி என்றால் அதற்கு ஓர் ஆரம்பம் உண்டு, ஒரு முடிவு உண்டு. நான் முடிவை மட்டும் வைத்துவிட்டு ஆரம்பத்தை மூடிவிட்டேன்.

மறுநாளே காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேஜையின் மேல், பழைய வீடுகளில் விளக்கு வைக்கும் மாடத்தைப் போல, பின்புறமும் இரு பக்கங்களும் மேற்புறமும் அடைத்த ஒரு தகரக் கூண்டு. முன்புறம் மட்டும் திறப்பு. அகலம் 3 அடி, உயரம் 2 அடி. அதற்குள் பர்னர், சுடர் என்னை விட்டு விலகிப் பின்புறம் பார்க்கும்படி. திறப்பு 6 சதுர அடி. புகை முகத்துக்குத் திரும்பாமல் இருக்க, திறப்பில் காற்று நிமிஷத்துக்கு 100 முதல் 125 அடி வேகத்தில் உள்ளே போகவேண்டும் என்பது கணக்கு. 6-ஐ 125-ஆல் பெருக்கினால், நிமிஷத்துக்கு 750 கன அடி. என் அறையின் மொத்தக் கொள்ளளவே 800 கன அடிதான். அதாவது ஏறக்குறைய நிமிஷத்துக்கு ஒரு முறை அறைக் காற்று முழுவதும் புதிதாக வேண்டும்! நான் அதுவரை கொடுத்திருந்தது கதவிடுக்கு.

போகும் வழிக்கு, மூடிக் கிடந்த புகைக்கூண்டையே திறந்தோம். அதற்குள் 10 அங்குலக் குழாய், வளைவே இல்லாமல் நேராகக் கூரைக்கு மேல் போயிற்று. குழாயில் ஒவ்வொரு வளைவும் பல அடி நீளக் குழாய்க்குச் சமமான தடையாகும். சுருக்கம் சுருக்கமாக இருக்கும் வளையும் குழாய் இன்னும் மோசம். விசிறிப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பக் கூடாது. அது பெரும்பாலும் குழாயே மாட்டாமல் வெட்டவெளியில் அளந்தது. சுவரில் மாட்டும் இறக்கை விசிறிக்குக் குழாயின் தடையை எதிர்த்துத் தள்ளும் சக்தி குறைவு. ஆகையால் சக்கரம்போல் சுழன்று தள்ளும் புளோயர் ஒன்றைக் குழாயில் பொருத்தினோம்.

வரும் வழிக்கு, என் முதுகுக்குப் பின்னால், கொல்லைப்புறச் சுவரில் 4 சதுர அடிக்குச் சிமெண்டு ஜாலி வைத்தோம். அட்டைத் தடுப்பால் ஜாலியை மறைத்தால் கண் அடைபடும் என்பதால், காற்றுப் போகும் துவாரங்களை மட்டும் கூட்டி 4 சதுர அடி வரும்படி கொத்தனார் பார்த்துக்கொண்டார். மழைச் சாரலுக்கு வெளியே ஒரு சாய்ப்பு. ‘சுடர் ஆடாதா?’ என்று எனக்குப் பழைய பயம். கணக்குப் போட்டேன். ஜாலியில் நுழையும்போது காற்றின் வேகம் விநாடிக்கு மூன்றடி. அறையின் முழு அகலத்துக்கும் உயரத்துக்கும் அது பரவிவிட்டால் நிமிஷத்துக்குப் பத்தடி கூட இல்லை, எறும்பு ஊர்வதுபோல. சுடர் ஆடவில்லை. காற்று முதலில் என்னைத் தாண்டி, பிறகு சுடரைத் தாண்டி, பிறகு கூண்டுக்குள் போகிறது. இந்த வரிசை மாறக்கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நேயர்கள் மனத்தில் இருத்த வேண்டிய ஒரே சூத்திரம்.

காஸ் சிலிண்டரைக் கொல்லையில் நிழலில் வைத்தேன். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். ஆகையால் அந்த ஜாலியில் ஒரு பகுதி தரையை ஒட்டியே இருக்கிறது. சமையலுக்கென்று தரும் 14.2 கிலோ சிலிண்டரை வேறு காரியத்துக்கு உபயோகிப்பது சட்டப்படி தவறு. எனவே வணிகத்துக்குரிய 19 கிலோ சிலிண்டர். கார்பன் மோனாக்ஸைடு இருந்தால் கூவி எச்சரிக்கும் கருவி ஒன்றும் சுவரில் உண்டு. ஆனால் அது நைட்ரஜன் டையாக்ஸைடைப் பற்றி வாய் திறக்காது. அது மௌனமாக இருப்பதால் எல்லாம் க்ஷேமம் என்று அர்த்தமில்லை.

எல்லாம் முடிந்து பரீட்சை நாள் வந்தது. கருவி ஏதும் வேண்டாம். ஓர் ஊதுவத்தி போதும். மாமியாரையே ஏற்றிப் பிடிக்கச் சொன்னேன். ஜாலிக்கு அருகில் பிடித்தார். புகை உள்ளே சாய்ந்தது. என் முகம் இருக்கும் இடத்தில் பிடித்தார். கூண்டை நோக்கி மெல்லப் படுத்தது. கூண்டின் வாயில் பிடித்தார். நூல் பிடித்தாற்போல் உள்ளே ஓடிற்று. பிறகு நான் ஜாலியை அட்டையால் அடைத்தேன். உடனே புகை தயங்கிற்று, சுருண்டது, அவர் முகத்துக்குத் திரும்பிற்று. அட்டையை எடுத்ததும் மறுபடியும் ஓடிற்று.

மாமியார் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இந்த ஜாலிக்கு எவ்வளவு ஆயிற்று?” என்று கேட்டார். கொத்தனார் கூலியும் சிமெண்டும் சேர்த்துச் சொன்னேன். குழாயும் புளோயரும்தான் செலவு; ஜாலிக்கு ஆனது ஒரு சாதாரணப் புடைவையின் விலை.

“அவ்வளவுதானா?” என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை. கண்ணாடி மணி எனக்குப் பொழுதுபோக்கு. வாரத்தில் மூன்று மணி நேரம் செய்கிற பொழுதுபோக்குக்கு அடியும் அங்குலமும் கணக்குப் பார்த்தேன். அதே அறையில் அவர் இருபத்தாறு வருஷம் நாள் தவறாமல் மூன்று வேளை அடுப்பு மூட்டினார். யாரும் கணக்குப் போடவில்லை. சீட்டில் தொழில் ‘இல்லை’ என்று எழுதினோம். வீட்டு அடுப்புப் புகையால் 2020-ஆம் வருஷத்தில் உலகத்தில் 32 லட்சம் பேர் மாண்டிருப்பார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு அது வெறும் எண்ணாக இருந்தது. ஊதுவத்தியைப் பிடித்துக்கொண்டு என் மாமியார் நின்றபோதுதான் அதற்கு ஒரு முகம் உண்டாயிற்று. அடுத்த முறை டாக்டரிடம் போனபோது சீட்டைத் திருத்தச் சொன்னேன். இப்போது அதில் ‘விறகடுப்பில் சமையல், 26 வருஷம்’ என்று இருக்கிறது. இருமல் போய்விடவில்லை, ஆனால் டாக்டர் அவரை வேறு விதமாகக் கேள்வி கேட்கிறார், வேறு மருந்து கொடுக்கிறார்.

நேயர்களில் எத்தனை பேர் கண்ணாடி மணி செய்யப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எல்லார் வீட்டிலும் அடுப்பு உண்டு. இன்று மாலை அடுப்பு எரியும்போது, விசிறி இருந்தால் அதையும் போட்டுவிட்டு, சமைக்கிறவர் முகம் இருக்கும் இடத்தில் ஓர் ஊதுவத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். முகத்துக்குத் திரும்பினால், ஊதுவத்தியைச் சுவாமி படத்தண்டை வைத்துவிட்டுக் கொத்தனாருக்குச் சொல்லி அனுப்புங்கள்.